கப்பல் தாங்கிய டார்ப்பிடோ விமானங்கள்: ஓர் ஒப்புநோக்கு

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசுவதே மரபு. பத்தாம் வகுப்புக்கு மேல் படியாது, இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலம் தள்ளும் நாம், போர் விமானங்களைப் பற்றிப் பேசப் புகுந்தது எங்ஙனம் என்று சிலர் வியக்கக்கூடும். அதன் வரலாற்றை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் இரயில்வே பாஸில் குடும்பத்துடன் கோவா சென்றிருந்தோம். அங்கே போக்மாலோவுக்கு அருகில் கடற்படை விமானக் காட்சியகம் ஒன்று உண்டு. நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான பழைய 'விக்ராந்த்' 1961-ஆம் ஆண்டு மும்பைக்கு வந்து சேர்ந்ததே, அதிலிருந்து பறந்த 'அலீசே' என்னும் பிரெஞ்சு நாட்டு விமானம் அங்கே நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் என்ன வைப்பார்கள் என்று எம் இளைய மகன் வினவினான். நீர்மூழ்கிக் கப்பலை அழிக்கும் டார்ப்பிடோவை வைப்பார்கள் என்றோம். "அப்படியானால், அப்பா, உலகத்திலேயே சிறந்த டார்ப்பிடோ விமானம் எது?" என்றான் அவன். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்ள மனமும் வரவில்லை. 'வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன்' என்று கூறிவிட்டு, ஓராண்டுக் காலம் கிடைத்த நூல்களை எல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க, இக்கதை எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதையன்று, நம் வீட்டு வாசல் வரை வந்து சென்ற கதை என்பது புலனாயிற்று.

எம் பாட்டனார் 1942-ஆம் ஆண்டு சென்னையில் வேலையில் இருந்தவர். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தால் நகரமே காலியாயிற்று. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. கூண்டு உடைந்தால் வெளியே பாய்ந்துவிடும் என்று விலங்குக் காட்சிச்சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றனர். பாட்டியையும் கைக்குழந்தையையும் தஞ்சைப் பக்கம் செல்லும் வண்டியில் சன்னல் வழியாக ஏற்றிவிட்டதைப் பாட்டனார் பலமுறை கூறியதாக எம் தந்தையார் சொல்லுவார். அந்த அச்சத்தை உண்டாக்கியவை எந்த விமானங்கள், அவற்றை எதிர்க்க நம் பக்கத்துக் கடலில் இருந்தவை எந்த விமானங்கள் என்று பாட்டனார் அறிந்திருக்க வழியில்லை. இன்று நாம் அறிவோம்.

முதலில் டார்ப்பிடோ என்பது யாது என்று கூறிவிடுவோம். வானிலிருந்து விழும் குண்டு கப்பலின் மேல்தளத்தைத் தாக்கும். டார்ப்பிடோவோ நீருக்குள் தானே ஓடிச் சென்று, நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் விலாவைப் பிளக்கும். மேலே அடிபட்ட கப்பல் தீப்பற்றி எரியும், ஆயினும் பிழைக்கக்கூடும். கீழே அடிபட்டால் கடல் உள்ளே புகும். ஆகவே பெரிய கவசக் கப்பல்களை மூழ்கடிக்க இதுவே ஏற்ற கருவி எனக் கருதினர். விமானத்திலிருந்து வீசிய டார்ப்பிடோ முதன்முதலில் ஒரு கப்பலைத் தாக்கியது 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தார்தனெல்சுப் பகுதியில். வீசியது ஒரு பிரிட்டிஷ் கடல் விமானம்.

ஆனால் இதை வீசுவதுதான் எளிதன்று. ஏறத்தாழ எண்ணூறு கிலோ எடையுள்ள எந்திரம் அது. உயரத்திலிருந்தோ அதிவேகத்திலோ வீசினால் நீரில் அறைந்து உடையும், அல்லது ஆழத்தில் புதையும். எனவே விமானி நீருக்கு மேலே சில பனைமர உயரத்தில் தாழப் பறக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், நேர்கோட்டிலேயே செல்ல வேண்டும். ஓடும் கப்பலைக் குறிவைத்தால் பயனில்லை, அது சற்று நேரத்தில் எங்கே இருக்குமோ அங்கே குறிவைக்க வேண்டும். குர்லாவில் ஓடும் வண்டியைப் பிடிக்கும் நம் இளைஞர்கள் இக்கணக்கைப் புத்தகம் இல்லாமலே அறிவர். ஒரு கிலோமீட்டர் அளவு நெருங்கும் வரை எதிரியின் பீரங்கிகளெல்லாம் தம்மை நோக்கிச் சுட, வளையாமல் நெளியாமல் பறக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். பின்னே கூறப்போவதெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டில், தட்டையான தளமுள்ள கப்பலிலிருந்து டார்ப்பிடோவுடன் பறப்பதற்கென்றே ஆங்கிலேயர் ஒரு விமானத்தை வைத்திருந்தனர். 'சாப்வித் குக்கூ' என்று பெயர். போரில் அதைப் பயன்படுத்த நேரம் இல்லாமற் போயிற்று. அக்காலத்தில் இத்துறையில் ஆங்கிலேயரே ஆசான்கள். 1921-ஆம் ஆண்டு செம்பில் என்னும் ஆங்கிலேயரின் தலைமையில் ஒரு குழு ஜப்பானுக்குச் சென்று, கசுமிகௌரா என்னுமிடத்தில் அந்நாட்டுக் கடற்படையினருக்கு விமானப் பயிற்சி அளித்தது. குக்கூ விமானங்களும் அவர்களோடு சென்றன. சாப்வித் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஸ்மித் என்னும் வல்லுநர் மிட்சுபிஷி நிறுவனத்தில் அமர்ந்து ஜப்பானியருக்கு டார்ப்பிடோ விமானம் வரைந்து கொடுத்தார். துரோணரிடம் வில் பயின்ற அருச்சுனன் பின்னொரு நாள் துரோணருக்கு எதிரே நின்ற கதை நம்மவர்க்குப் புதிதன்று.

இனி ஒப்புநோக்குக்கு வருவோம். 1934 முதல் 1937 வரை, மூன்றே ஆண்டுகளுக்குள், மூன்று நாடுகளின் மூன்று விமானங்கள் முதன்முதலாகப் பறந்தன.

ஆங்கிலேயரின் 'ஃபேரி சோர்டுஃபிஷ்' 1934-ஆம் ஆண்டு பறந்தது. வாள்மீன் என்று பெயரே தவிர, உருவத்தில் வாளின் கூர்மை ஏதுமில்லை. மேலும் கீழுமாக ஈரடுக்கு இறக்கைகள், இடையே கம்பிகளும் கட்டைகளும், உலோக எலும்பின் மேல் துணி போர்த்த உடல், மடங்காத சக்கரங்கள். மூவர் அமரும் இருக்கைகளுக்கு மேலே கூரையும் கிடையாது. மழையும் காற்றும் நேரே முகத்தில். கூடியபட்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. டார்ப்பிடோவைச் சுமந்து கடலைக் கடக்கையில் பெரும்பாலும் 90 நாட், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர் அளவிலேயே சென்றது. நம் வந்தே பாரத் இரயில் நல்ல பாதையில் 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பதை ஒப்பிட்டுக் கொள்க. எதையும் இதில் கட்டித் தொங்கவிடலாம் என்பதால் விமானிகள் இதனைக் 'கயிற்றுப் பை' என்று அழைத்தனர். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நம் வீட்டுப் பெண்டிர் கொண்டுசெல்லும் வலைப்பையை நினைத்துக்கொண்டால் போதும். முருங்கைக்காய் ஆயினும் பூசணிக்காய் ஆயினும் அதற்கேற்ப விரிந்துகொடுக்கும்.

அமெரிக்கரின் 'டக்ளஸ் டெவாஸ்டேட்டர்' 1935-ஆம் ஆண்டு பறந்தது. முழுவதும் உலோகம், ஒற்றை இறக்கை, மூடிய இருக்கை. விசையால் தானே மடங்கும் இறக்கைகளும் உண்டு. ஒரே அறையில் எண்மர் படுத்துறங்கும் சால்களில் வளர்ந்த நமக்கு மடக்குக் கட்டிலின் அருமை தெரியும். கப்பலின் கீழ்த்தளத்தில் விமானங்களை அடுக்கி வைப்போர்க்கும் மடக்கு இறக்கையின் அருமை அத்தகையதே. இதன் வேகம் 330 கிலோமீட்டர் அளவு. 1937-ஆம் ஆண்டில் இது கப்பலேறியபோது உலகில் இதற்கு நிகர் இல்லை என்று கூறத்தக்க நிலை. அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. அதன் பெருங்குறை விமானத்தில் மட்டும் இல்லை, அது சுமந்த டார்ப்பிடோவிலும் இருந்தது. மிகத் தாழவும் மிக மெல்லவும் பறந்தே அதை வீச வேண்டியிருந்தது. நீரில் விழுந்த பின்னும் அதன் ஓட்டம் 33 நாட் அளவே. விரைந்தோடும் போர்க்கப்பல் திரும்பி ஓடினால் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடிவிடும்.

மூன்றாவது ஜப்பானியரின் 'நாகஜிமா பி5என்'. 1937-ஆம் ஆண்டு சனவரியில் பறந்தது. ஒற்றை இறக்கை, உள்ளே மடங்கும் சக்கரங்கள். பின்னர் வந்த வகையின் வேகம் 378 கிலோமீட்டர். இது சுமந்த டார்ப்பிடோவோ அன்று உலகில் விமானங்கள் வீசியவற்றுள் தலைசிறந்தது. அதன் வாலில் மரத்தாலான துடுப்புகளைப் பொருத்தினர். காற்றில் அவை டார்ப்பிடோவைச் சாயாமல் காத்து, நீரைத் தொட்டதும் உடைந்து விலகும். ஆழம் குறைந்த துறைமுகத்திலும் வீச இதனால் இயன்றது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் நாற்பது விமானங்கள் இவ்வாறு டார்ப்பிடோ ஏந்திச் சென்ற செய்தியை யாவரும் அறிவர்.

இம்மூன்றையும் தாளில் எழுதிப் பார்த்தால் மதிப்பெண் போடுவது எளிது. ஜப்பானுக்கு முதலிடம், அமெரிக்காவுக்கு இரண்டாமிடம், ஆங்கிலேயர் தேர்வில் தோல்வி. நாமும் முதலில் அவ்வாறே எழுதி வைத்தோம். ஆனால் வரலாற்றின் விடைத்தாள் வேறு விதமாக இருக்கிறது.

1940 நவம்பர் 11-ஆம் நாள் இரவு, இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தின் மேல், 'இல்லஸ்டிரியஸ்' என்னும் கப்பலிலிருந்து 21 சோர்டுஃபிஷ் விமானங்கள் சென்றன. சிலவற்றில் டார்ப்பிடோ, சிலவற்றில் குண்டும் ஒளிவிளக்கும். மூன்று பெரும் போர்க்கப்பல்கள் டார்ப்பிடோவால் அடிபட்டன. இழந்தவை இரண்டே விமானங்கள். 1941 மே 26-ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் புயல். 'ஆர்க் ராயல்' கப்பலின் தளம் ஊஞ்சல்போல் ஆட, பதினைந்து கயிற்றுப் பைகள் எழுந்து சென்று, ஜெர்மானியரின் 'பிஸ்மார்க்' கப்பலின் சுக்கானை முடக்கின. அத்தகைய தளத்திலிருந்து எழவும் திரும்பி வந்து அமரவும் மெல்லப் பறக்கும் பழைய விமானத்தால் இயன்றது. துணி உடலில் துளைகள் விழுந்தன. துளைகளுடனேயே திரும்பின.

பழைமையே நன்று என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். 1942 பிப்ரவரி 12-ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயில், பட்டப்பகலில், ஜெர்மானியப் போர்க்கப்பல்களை நோக்கி ஆறு சோர்டுஃபிஷ் விமானங்கள் சென்றன. எஸ்மாண்டு என்பவர் தலைவர். போதிய காவல் விமானங்கள் வந்து சேரவில்லை. ஆறும் வீழ்ந்தன. பதினெண்மரில் ஐவரே பிழைத்தனர்.

அதற்கு இரண்டு திங்கள் கழித்து நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் கப்பற்படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இலங்கைக்குத் தெற்கே நின்றது. முதல்நாளே பெர்ச்சால் என்னும் கனடா நாட்டு விமானி ஒரு கேட்டலினா விமானத்திலிருந்து அதைக் கண்டு கம்பியில்லாத் தந்தி அடித்துவிட்டார். அடித்த பின்னரே அவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது. ஆயினும் மறுநாள் காலை ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்து நின்றபோது, ஊருக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை கிட்டவில்லை.

அவ்விமானங்களுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை நாகஜிமா. ஆனால் அன்று அவை சுமந்து வந்தது டார்ப்பிடோ அன்று, குண்டு. அன்று கொழும்பு வானில் டார்ப்பிடோ ஏந்திச் சென்றவை வேறு ஆறு விமானங்கள். திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எதிரிக் கப்பல்களைத் தாக்க அனுப்பிய ஆறு சோர்டுஃபிஷ் விமானங்களே அவை. காவல் விமானம் ஒன்றும் உடன் வரவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த வானத்துக்குள், வயிற்றில் டார்ப்பிடோவுடன், இரயிலின் வேகத்தில் அவை வந்து சேர்ந்தன. எதிரே ஜப்பானியரின் சீரோ விமானங்கள், அவற்றின் வேகம் 500 கிலோமீட்டருக்கு மேல். ஆறும் வீழ்ந்தன. எதிரிக் கப்பல்களை அவை கண்ணாலும் காணவில்லை.

இவ்விடத்தைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பாட்டனார் சென்னையில் சன்னல் வழியாகக் குழந்தையை ஏற்றிய அதே நாட்களில், அவருக்கும் ஜப்பானியக் கப்பல்களுக்கும் இடையே நின்ற காவலில் ஒரு பகுதி இதுதான். ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அதே நாட்களில் வங்கக் கடலில் இருபதுக்கு மேற்பட்ட வாணிகக் கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியரின் பாய்ச்சற் குண்டு விமானங்கள் சூழ்ந்துகொண்டு சில நிமிடங்களில் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற்கப்பல் ஹெர்மிஸ். மூழ்கிய அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை, அவை கரையில் இருந்தன. மட்டக்களப்புத் தமிழர் மீன்பிடிக்கும் கடலின் அடியில் அது இன்றும் கிடக்கிறது. அதே பெயரோடு பின்னாளில் கட்டிய வேறொரு கப்பல்தான் 1987-ஆம் ஆண்டு 'விராட்' என்று பெயர் மாறி நம் நாட்டுக்கு வந்து, 2017 வரை பணியாற்றியது. கடற்படை நாள்களில் மும்பைத் துறையில் அதைக் கண்டவர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள்.

ஆசானாக இருந்த நாடு எட்டு ஆண்டுப் பழைய, துணி போர்த்த விமானத்தோடு ஏன் நின்றது? ஏழைமையா, அறியாமையா? இரண்டும் அன்று. 1918 ஏப்ரலில் ஆங்கிலேயர் தம் கடற்படையின் விமானங்களையெல்லாம் புதிதாய்த் தோன்றிய விமானப்படையிடம் ஒப்படைத்தனர். கப்பல் ஒருவருடையது, அதன் மேல் நிற்கும் விமானம் மற்றொருவருடையது. எத்தகைய விமானம் வேண்டும் என்று கடற்படை கேட்கும். விமானப்படைக்கோ தன் பெரிய குண்டு விமானங்களே கண். இருபது ஆண்டுகள் வழக்காடி, 1937-ஆம் ஆண்டு தீர்ப்பாகி, 1939 மே மாதத்தில்தான் விமானங்கள் முழுமையாகக் கடற்படையின் கைக்குத் திரும்பின. போர் அவ்வாண்டு செப்டம்பரில் வந்தது. இரண்டு இலாகாக்களுக்கு நடுவே ஒரு கோப்பு அகப்பட்டுக்கொண்டால் அதன் கதி யாதாகும் என்பதை இருபது ஆண்டுகளாக மேசையில் அமர்ந்து கண்டுவருகிறோம். ஒரு வாகன் தவறான சைடிங்கில் நின்றுவிட்டால் 'அது அவர்கள் பொறுப்பு' என்று இரு பக்கமும் எழுதும் கடிதங்களை வைத்தே அவ்வாகனை நிரப்பலாம். நம் கோப்பில் கிடப்பது சிமெண்டு மூட்டை. அவர்கள் கோப்பில் கிடந்தது மனித உயிர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கப்பலும் விமானமும் ஒரே கடற்படையின் கையில் இருந்தன என்பதை நோக்கினால் வேற்றுமையின் வேர் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோர்டுஃபிஷுக்கு மாற்றாக 'ஆல்பக்கோர்' என்ற விமானத்தை 1940-இல் கொண்டுவந்தனர். அதுவும் ஈரடுக்கு இறக்கையே! இருக்கைக்குக் கூரை போட்டார்கள், அவ்வளவுதான். மாற்ற வந்தது முதலில் ஓய்வு பெற்றது. கயிற்றுப் பையோ 1945 வரை உழைத்தது.

இனி அமெரிக்கரும் ஜப்பானியரும் எதிரெதிரே நின்ற நாள். 1942 ஜூன் 4, மிட்வே. மூன்று கப்பல்களிலிருந்து 41 டெவாஸ்டேட்டர்கள் எழுந்தன. 'ஹார்னெட்' கப்பலின் பதினைந்தும் வீழ்ந்தன. அவற்றில் சென்ற முப்பதின்மரில் பிழைத்தவர் ஒருவரே, ஜார்ஜ் கே என்பவர். மற்றக் கப்பல்களின் விமானங்களுள்ளும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே திரும்பின. ஒரு டார்ப்பிடோவும் படவில்லை. அதே நாள் பிற்பகலில் ஜப்பானியரின் 'ஹிர்யூ' கப்பலிலிருந்து பத்து நாகஜிமாக்கள், சீரோ காவலுடன் சென்று, 'யார்க்டவுன்' கப்பலில் இரண்டு டார்ப்பிடோக்களைப் பாய்ச்சின. நம் பட்டியலில் முதலிடம் பெற்ற விமானம், சிறந்த டார்ப்பிடோ, தேர்ந்த விமானிகள், காவலும் உண்டு. அவற்றிலும் பத்தில் ஐந்து திரும்பவில்லை. பகலில் தாழவும் நேராகவும் பறந்தாக வேண்டும் என்று முன்னர்க் கூறினோமே, அவ்விதி எவர்க்கும் சலுகை காட்டவில்லை.

கொழும்பைக் காத்த ஆங்கிலத் தளபதி சாமர்வில் இதை அறிந்தவர். தம் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளிலும் இருந்த ஆல்பக்கோர்கள் பகலில் சென்றால் கால்வாயின் கதையே மீளும் என்று கண்டு, பகலில் விலகி நின்று, இருட்டிய பின் ராடார் கொண்டு தேடித் தாக்க எண்ணினார். இரவில் அவ்வகையில் தாக்கும் வல்லமை ஜப்பானிய விமானங்களுக்கு அன்று இல்லை. இரு படைகளும் இருளில் சந்திக்கவில்லை. சந்தித்திருந்தால் பட்டியலின் கடைசி விமானம் முதலாவதாக வந்திருக்கக்கூடும். இது நம் கருத்து, மறுப்போர் மறுக்கலாம்.

மகனுக்கு நாம் கூறிய விடை இதுவே: பகலா இரவா, உடன் சென்ற காவல் யாது, சுமந்த டார்ப்பிடோ எத்தகையது என்ற மூன்றையும் சொல், பிறகு விமானத்தின் பெயரைச் சொல்கிறோம். அவனுக்கு நிறைவில்லை. 'நேராகச் சொல்லுங்கள்' என்றான். பகலில் நாகஜிமா, இருளில் சோர்டுஃபிஷ் என்றோம். 'அப்படியானால் கொழும்புக்கு ஏன் பகலில் அனுப்பினார்கள்?' என்று கேட்டான். அன்று வேறு எவை இருந்தன என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

பழைய விக்ராந்த் 2014-ஆம் ஆண்டு தாருகானாவில் உடைபடத் தொடங்கியபோது, ஹார்பர் வண்டியில் ரே ரோடைக் கடக்கும் ஒவ்வொரு நாளும் அத்திசையை நோக்குவது நம் வழக்கமாக இருந்தது. அதன் இரும்பின் ஒரு பகுதி பஜாஜ் மோட்டார் சைக்கிளாகி நம் காலனித் தெருக்களிலும் ஓடியது. டார்ப்பிடோ ஏந்திக் கப்பலிலிருந்து எழுந்த அலீசே விமானங்கள் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டன.

மூன்று விமானங்களையும் ஒரே அளவுத் திட்டத்தில் எம் மகன் வரைந்திருக்கிறான். கீழே அளவுக்கு ஓர் உள்ளூர் மின்சார வண்டிப் பெட்டியையும் சேர்த்திருக்கிறான். மலரில் அச்சிட இடமில்லை என்று செயலாளர் கூறிவிட்டார். சங்க நூலகத்தில் செய்தித்தாள் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். சோர்டுஃபிஷ் படத்தில் கம்பிகளை எண்ணித்தான் போட்டானாம். குறை கண்டவர்கள் அவனிடமே சொல்லலாம்.